133-ஆம் எண் அடுக்கு

லண்டனில் ஒரு பொது நூலகத்தில் வேலை பார்த்தபோது எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது 133-ஆம் எண் அடுக்குதான். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூவி பகுப்பு முறையில் பேய், ஜோசியம், மந்திரம், சூனியம் எல்லாம் அங்கேதான் வரும். சூனியக்காரி என்று பட்டம் கட்டி உயிரைப் பறித்த நீதிமன்றங்களைப் பற்றிய ஆய்வு நூலும், பௌர்ணமி இரவில் எந்த நிற மெழுகுவத்தி ஏற்றலாம் என்று சொல்லும் கையேடும் ஒட்டி உரசி நிற்கும்.

ஓர் அக்டோபரில் ஒரு பெண்மணி வந்தார். ஸ்காட்லாந்தில் நார்த் பெரிக் பக்கம் வளர்ந்தவர். மந்திரச் சடங்குகளும் இயற்கை வழிபாடும் கொண்ட விக்கா சமயத்தைப் பின்பற்றுபவர். "எங்கள் சமயத்தின் வரலாறு வேண்டும். கட்டுக்கதை வேண்டாம்" என்றார். ஐரோப்பியச் சூனியக்காரிகளைப் பற்றி மார்கரெட் மர்ரே 1921-இல் எழுதிய நூலை எடுத்துக் கொடுத்தேன். ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடு, எழுதியவர் எகிப்தியவியல் அறிஞர், கல்கத்தாவில் பிறந்தவர் என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியமும் உண்டு. சரி, இதைவிட நம்பகமாக எது இருக்கப்போகிறது என்று நினைத்தேன்.

மறுநாள் மூத்த சக ஊழியர் ஒருவர், "கூடவே நார்மன் கோன் எழுதியதையும் கொடுத்தாயா?" என்று கேட்டார். கொடுக்கவில்லை. கோன் ஒரு வரலாற்றாசிரியர். அன்றிரவே அவர் நூலை வீட்டுக்கு எடுத்துப்போனேன்.

ஐரோப்பாவில் சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்டவர்கள் கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஒரு சமயத்தை ரகசியமாகக் காத்து வந்தவர்கள் என்பது மர்ரேயின் வாதம். ஆதாரமாக விசாரணை வாக்குமூலங்களைக் காட்டுகிறார். கோன் 1975-இல் மூலப் பதிவுகளை அருகில் வைத்து ஒப்பிட்டார். பறந்ததாக, உருமாறியதாகச் சொன்ன நடக்கவே முடியாத வரிகளையெல்லாம் வெட்டிவிட்டு, நம்பும்படியான வரிகளை மட்டும் மர்ரே எடுத்திருந்தது தெரிந்தது. பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியமோ சூனியம் பற்றி அவர் எழுதிய கட்டுரையைப் பல பத்தாண்டுகள் வைத்திருந்தது. விக்காவை ஊரறியச் செய்த ஜெரால்டு கார்ட்னரின் 1954-ஆம் ஆண்டு நூலுக்கு முன்னுரை எழுதியதும் மர்ரேதான். (கார்ட்னர் இளவயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்.)

அதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. இந்த அடுக்கில் எதைக் கையில் எடுத்தாலும் முதலில் அடிக்குறிப்புகளைப் பார்ப்பேன். அப்புறம், '90 லட்சம் பேர் எரிக்கப்பட்டார்கள்' என்ற வரி இருக்கிறதா என்று தேடுவேன். 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் ஃபோய்ட் என்பவர் ஓர் ஊரின் பதிவுகளை வைத்துக்கொண்டு ஐரோப்பா முழுவதற்கும் பெருக்கிப் போட்ட கணக்கு அது. நீதிமன்ற ஏடுகளைப் புரட்டி எண்ணிய வரலாற்றாசிரியர்கள் 40,000 முதல் 60,000 வரை என்கிறார்கள். இங்கிலாந்தில் வழக்கமான தண்டனை தூக்கு. ஐஸ்லாந்தில் எரிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். இதையெல்லாம் சொன்னால் சில வாசகர்கள் முகம் வாடிப்போவார்கள், நான் செத்தவர்களைக் குறைத்துவிட்டதுபோல. 90 லட்சம் என்னும்போது எனக்கு ஒரு முகமும் தெரிவதில்லை.

அந்தப் பெண்மணி நூலைத் திருப்பித்தர வந்தபோது மன்னிப்புக் கேட்டேன். கோனையும், வரலாற்றாசிரியர் ரொனால்டு ஹட்டன் விக்கா பற்றி 1999-இல் எழுதியதையும் கொடுத்தேன். விக்கா இருபதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உருவான சமயம் என்பதை ஹட்டன் அதைப் பின்பற்றுபவர்களை மதித்தே எழுதியிருக்கிறார். இருந்தாலும் அந்தப் பெண்மணியின் மனம் நோகுமோ என்று எனக்குப் பயம்தான். மூன்று வாரம் கழித்து வந்தார். "என் பாட்டி காலத்தில் பிறந்ததாகவே இருக்கட்டும். நான் கும்பிடுவது இன்றைக்குத்தானே?" என்றார்.

அன்று அவருக்கு எடின்பரோ பல்கலைக்கழகத்தின் தரவுத்தளத்தைத் திறந்து காட்டினேன். ஸ்காட்லாந்தில் சூனியம் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட 3,837 பேரைப் பற்றிக் கிடைத்த விவரங்கள் அதில் இருக்கின்றன. தன் ஊர்ப் பக்கத்தைத் தேடினார். 1591-இல் கொல்லப்பட்ட ஆக்னஸ் சாம்ப்சன் வந்தார். பிணி தீர்ப்பவர், மருத்துவச்சி. அந்தப் பெயரை நோட்டில் எழுதினார். பிறகு அடுத்த பெயர், அதற்கடுத்த பெயர். நூலகம் மூடும் நேரமானது. மற்ற விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டு, அவர் மேசைக்கு மேலே இருந்ததை மட்டும் விட்டுவைத்தேன்.