பாப்பாவும் எம்.காம். பரீட்சையும்

"வேலைக்கும் போயிட்டு, கைக்குழந்தையையும் வச்சுக்கிட்டு எப்படிப் படிச்ச?" என்று ஆபீசில் புதிதாகக் கல்யாணமான பிள்ளைகள் கேட்கிறார்கள். நேரத்தைப் பிரித்து டைம்டேபிள் போட்டேன் என்று நான் சொல்வேன் என எதிர்பார்க்கிறார்கள் போல. போட்டுப் பார்த்தேன், பிறந்த குழந்தை இருக்கும் வீட்டில் அது ஒரு நாளும் நடக்காது. அந்த ஒரு மணி நேரம் பாப்பா யார் மடியில் இருப்பாள்? இதற்கு விடை கிடைத்துவிட்டால் படிப்பு தானாக நடந்தது. கிடைக்காத நாளில் புத்தகத்தைத் தொடவே இல்லை.

எனக்கு கோவை கணபதியில் வீடு. பம்ப் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ் வேலை. வீட்டுக்காரர் ஃபவுண்டரியில் ஷிப்ட். இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) எம்.காம். பாதித் தாள்கள் எழுதி முடித்திருந்தபோது வயிற்றில் பாப்பா. இரண்டு வருசப் படிப்பை முடிக்க அங்கே நான்கு வருசம் வரை அவகாசம் உண்டு என்பதால் வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் தள்ளிப் போடச் சொன்னார்கள். பெரியம்மா சீமந்தத்தன்றே ஆரம்பித்துவிட்டார்: "இப்ப எதுக்கு கண்ணு பரீட்சை? அடுத்த வருசம் எழுதினாப் போவுது." அடுத்த வருசம் பாப்பா நடக்க ஆரம்பித்திருப்பாள். மடியில் கிடக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டாவது படிக்கலாம், ஓடும் பிள்ளையை என்ன செய்வது?

முதல் வேலையாக லீவுக் கணக்கைப் போட்டேன். பேறுகாலச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு உண்டு. முன்பு 12 வாரம்தான். இதில் பிரசவத்துக்கு முன்னால் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம், மீதி பின்னால். முன்னால் எடுக்கும் ஒவ்வொரு வாரமும் பின்னால் குறையும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்கிறார் டாக்டர். 26 வாரமும் ஆறு மாதம்தான். ஆனால் ஒரு வாரம் முன்னாலேயே எடுத்துவிட்டால்கூட ஆறு மாதம் ஆகும் முன் ஆபீஸ் போய் உட்கார வேண்டும். உடம்பு ஒத்துழைத்ததால் டெலிவரி தேதிக்கு நெருக்கம் வரை வேலைக்குப் போனேன். எல்லோருக்கும் இதைச் சொல்ல மாட்டேன். கால் வீக்கமோ பிரஷரோ இருந்தால் லீவு எடுப்பதுதான் சரி. கேட்பதை மட்டும் எழுத்தில் கேளுங்கள். டாக்டர் சர்டிபிகேட்டோடு விண்ணப்பம், அதன் நகல் மெயிலில். சம்பளம் 21,000க்குள் இருந்து ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருப்பவர்களுக்குப் பணம் ஈ.எஸ்.ஐ.யிலிருந்து வரும். மற்றவர்களுக்குக் கம்பெனியே தர வேண்டும்.

பாப்பா ஜனவரியில் பிறந்தாள். உடுமலையில் அம்மா வீடு. பூண்டுக் குழம்பு, பால் சுறாப் புட்டு, காதில் பஞ்சு. அந்த வாரங்களில் படிப்பு ஞாபகமே இல்லை. பிப்ரவரி கடைசியில்தான் அசைன்மென்ட் நினைவுக்கு வந்தது. அதைக் கொடுக்காமல் பரீட்சை எழுத முடியாது. டைப் அடித்தும் தர முடியாது, கையால் எழுத வேண்டும். ராத்திரி தூக்கம் கெட்டவள் கையெழுத்து எப்படி இருக்கும்? முதல் பக்கம் ஒரு கை, ஆறாம் பக்கம் வேறு கை. தூரிக் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே பாதியை எழுதினேன். கால் நின்றால் பாப்பா முழிப்பாள், கால் ஆடினால் வரி கோணும்.

படிக்கும் பாடம் இக்னோவின் ஈ-ஞானகோஷ் தளத்திலேயே இலவசமாக பிடிஎஃப்பாகக் கிடைக்கிறது. பால் கொடுக்கும்போது ஒரு கை சும்மா இருக்குமே, அதில் போன். இப்படி ஆர்கனைசேஷன் தியரி, மார்க்கெட்டிங் போன்றவற்றைத் துண்டு துண்டாக முடித்துவிடலாம். மனிதத் தேவைகளை அடுக்கிக் காட்டும் மாஸ்லோ பிரமிடின் நடுவில் பாப்பா அழுதால் எழுந்து போய்விட்டு வந்து அதே இடத்தில் தொடரலாம். கணக்குத் தாள் அப்படி இல்லை. மார்ஜினல் காஸ்டிங்கில் ஒரு கணக்கைப் பாதியில் விட்டால் திரும்ப முதல் வரியிலிருந்துதான். அதனால் ஜூன் பரீட்சைக்குத் தியரித் தாள்கள் மட்டும் கட்டினேன், கணக்கு டிசம்பருக்குப் போயிற்று. வருசத்துக்கு இரண்டு பரீட்சை, எந்தத் தாளை எப்போது எழுதுவது நம் இஷ்டம் என்பதுதான் இந்தப் படிப்பில் எனக்குப் பிடித்த விஷயம். ரெகுலர் காலேஜ் என்றால் நின்றிருப்பேன்.

தடுப்பூசிக்குத் தனிக் கவனம் வேண்டியிருந்தது. ஆறு, பத்து, பதினாலு வாரம் என்று மூன்று முறை, புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில். பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்க்கான ஊசி போட்ட அன்று ராத்திரி காய்ச்சலும் அழுகையும் உறுதி. காய்ச்சலுக்கான சொட்டு மருந்து கொடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு விடியும் வரை நடக்க வேண்டியதுதான். டிசம்பர் பரீட்சை அட்டவணை வந்ததும் முதலில் பார்த்தது, எந்தப் பரீட்சையாவது ஊசிக்கு மறுநாள் விழுகிறதா என்று. ஒன்பது மாதத்து எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) ஊசி அக்டோபரிலேயே முடிந்துவிட்டதால் தப்பித்தேன். "ஒரு வாரம் தள்ளிப் போனாப் பரவால்லம்மா, முன்னாடி மட்டும் போட மாட்டோம்" என்று நர்ஸ் அக்கா சொல்லி வைத்திருந்தார்.

ஜூன் பரீட்சைக்கு மாமியார் கூடவே வந்தார். காலை பத்து மணிக்குள் உள்ளே போக வேண்டும். ஒன்பதே முக்காலுக்கு ஆட்டோவிலேயே பாப்பாவுக்குப் பால் கொடுத்துவிட்டு ஓடினேன். மூன்று மணி நேரப் பரீட்சை. இரண்டாவது மணியில் வெளியே ஏதோ ஒரு குழந்தை அழுதது. என் பாப்பா இல்லை, நன்றாகத் தெரியும். மார்புக்கு அது தெரியவில்லை. ஜாக்கெட் நனைந்து, சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு கடைசிக் கேள்வியை எழுதி முடித்தேன். மேற்பார்வைக்கு இருந்த மேடம் ஒன்றும் கேட்காமல் ஜன்னல் பக்கத்து ஃபேனைப் போட்டுவிட்டுப் போனார். அடுத்த தாளுக்குப் போகும்போது பால் உறிஞ்சும் பேடும், மேலே போட்டுக்கொள்ள ஒரு ஷாலும் பையில் இருந்தன.

ஜூலையில் வேலைக்குத் திரும்பினேன். மொத்த வருசத்திலும் கடினமான மாதம் அதுதான், பிரசவத்தைக்கூட அதற்குப் பிறகுதான் சொல்வேன். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் ஆபீசில் இல்லை. கேட்டதற்கு "மேலே பேசிட்டுச் சொல்றோம்" என்றார்கள். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும் வரை பால் கொடுக்க நாளுக்கு இரண்டு இடைவேளை தர வேண்டும் என்பதும் சட்டம்தான். அதை மட்டும் விடவில்லை. இரண்டையும் சேர்த்துச் சாயங்காலம் சீக்கிரம் போய்விடலாமே என்று ஹெச்.ஆரில் யோசனை சொன்னார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஆரம்பத்தில் நடுவில் பாலை எடுக்காவிட்டால் மார் கட்டிக்கொண்டு காய்ச்சலே வந்துவிடும். பழைய வவுச்சர் அடுக்கி வைத்திருக்கும் அறைக்குச் சாவி வாங்கிக்கொண்டு, அங்கே பம்ப்பில் எடுத்தேன். வெளியே ஆடிக்காற்று வீசினாலும் அந்த அறை வெந்துகொண்டுதான் இருக்கும். அதனால் ஐஸ் பேக் வைத்த பை, வீட்டுக்குப் போனதும் ஃபிரிட்ஜ்.

வீட்டில் அதை வைத்து ஒரு பஞ்சாயத்து. "பச்சைப் பாலைக் காய்ச்சாம எப்படி கண்ணு குடுக்கறது?" என்று மாமியார் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டார். "அத்தை, இதக் காய்ச்சக் கூடாதுங்க, சுடுதண்ணில பாட்டிலை வச்சு எடுத்தாப் போதும்" என்று எத்தனை சொல்லியும் மனசு வரவில்லை. டாக்டரிடமே கூட்டிப் போய்ச் சொல்ல வைத்த பிறகுதான் ஒத்துக்கொண்டார். ஆனால் பாட்டிலைப் பாப்பா தொடவே மாட்டேன் என்றபோது வழி கண்டுபிடித்ததும் அவர்தான்: என் வீட்டுக்காரருக்குக் கொடுத்த அதே பழைய வெள்ளிப் பாலாடையைத் தேய்த்துக் கொதிக்க வைத்து எடுத்தார். அதில் கொடுத்ததைச் சமர்த்தாகக் குடித்தாள்.

டிசம்பர் கணக்குத் தாளுக்கு விடியற்காலைதான் முக்கியமான வழி. இரவு ஷிப்ட் வாரங்களில் வீட்டுக்காரர் வரும்போது ஆறரை ஆகும். தூங்கப் போகும் முன் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார். எனக்கு அடுப்படி மேடையில் கால்குலேட்டரும் நோட்டும். பகல் ஷிப்ட் வாரங்களில் சாயங்காலம். அவர் மாடியிலிருந்து இறங்கி வரும்போது கணக்கு பாதியில் இருந்தால், ஒரு வார்த்தை பேசாமல் திரும்ப ஏறிப் போவார். சோற்றை நான் இறக்கி வைக்க மறந்த நாட்களும் உண்டு, அதற்கும் ஒன்றும் சொன்னதில்லை. "இப்படி ஒரு மனுசன் கிடைக்க நீ கொடுத்து வச்சவ" என்று எல்லோரும் என்னிடம் அவரைப் புகழ்வதுதான் கொஞ்சம் எரிச்சல். அவர் பிள்ளையைத்தானே அவர் தூக்கினார்.

கணக்குத் தாள் தேறிவிட்டது. மார்க்கைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இன்னும் இரண்டு தாள் பாக்கி. பாப்பா இப்போது ஓடுகிறாள், ஹால் டிக்கெட்டைக் கையில் கொடுத்தால் கிழிக்கிறாள். இதற்கிடையில் ஐ.டி.ஐ.யோடு நிறுத்திக்கொண்ட வீட்டுக்காரர் பகுதி நேர டிப்ளமோ பற்றி விசாரித்து வைத்திருக்கிறார். சேரட்டும். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு பேரும் பரீட்சைக்கு உட்கார முடியாது, என் இரண்டு தாளும் இந்த டிசம்பரில் முடிந்த பிறகு ஃபீஸ் கட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். மாமியாரிடமும் அவர் இன்னும் கேட்கவில்லை.