கம்பி எங்கே?

"கம்பி எங்க மாமா? ஓடிடாதா?"

மலேசியாவின் தேசிய விலங்குப் பூங்காவான ஜூ நெகாராவில் ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்து அக்கா மகன் கேட்டான். புதருக்குப் பின்னால் மறைத்திருந்த பள்ளத்தைக் காட்டினேன்.

1963-இல் நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் திறந்துவைத்த இடம். பள்ள யோசனை அதைவிடப் பழையது.

கார்ல் ஹாகன்பெக் என்ற விலங்கு வியாபாரி 1907-இல் ஹாம்பர்க்கில் கம்பிகளை எடுத்துவிட்டு, பார்வையில் படாத அகழி வெட்டினார். செயற்கைப் பாறையும் எழுப்பினார். சிங்கம் சுதந்திரமாக நிற்பதுபோல் தெரியும். என்னைக் கேட்டால், அந்த ஏற்பாடு பாதி நம் மனசாட்சிக்குத்தான். இருந்தாலும் பழைய இரும்புக் கூண்டுக்கு இது எவ்வளவோ மேல்.

அதே ஹாகன்பெக் அதற்கு முன்பே மனிதர்களையும் காட்சிக்கு வைத்தவர். ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள லாப்லாந்திலிருந்து, அப்புறம் நமக்குப் பக்கத்து இலங்கையிலிருந்தும் ஆட்களைக் கூட்டிப்போனார். டிக்கெட் போட்டுத்தான். கூட்டமும் அள்ளியது.