இம்போர்ட் பாதியில் நின்றால்: பச்சைத் தேயிலைக் கணக்கும் ரோல்பேக்கும்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் விவசாயிகளிடம் எடுத்த பச்சை இலையின் எடையை எக்செல்லில் வைத்திருந்து, மாதக் கடைசியில் ஜாங்கோவில் (பைத்தான் மொழியின் வெப் ஃப்ரேம்வொர்க்) எழுதிய சாஃப்ட்வேருக்குள் ஏற்றுகிறவர்களுக்கு இது. 2,000 வரிக் கோப்பில் 1,340-ஆவது வரியில் பிழை வந்து நின்றால், முதல் 1,339 வரிகளும் உள்ளேயே தங்கிவிடும். ஜாங்கோவில் நாமாக மாற்றாதவரை ஒவ்வொரு சேவும் உடனுக்குடன் கமிட் ஆகிவிடுவதுதான், அதாவது நிரந்தரமாகப் பதிவாகிவிடுவதுதான் காரணம். கோப்பைத் திருத்தி மறுபடி ஏற்றினால் அத்தனை பேருக்கும் எடை இரண்டு முறை விழும், பட்டுவாடாவும் அப்படியே போகும்.

எனவே கோப்பு முழுவதையும் ஒரே அடாமிக் பிளாக்குக்குள் (எல்லாம் ஏறும், இல்லையென்றால் எதுவுமே ஏறாது) வையுங்கள். ஆனால் அந்த பிளாக்குக்குள் பிழையைப் பிடிக்கும் ட்ரை–எக்செப்டை மட்டும் போட்டுப் பிழையை விழுங்கக் கூடாது. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் ஒரு கட்டளை தோற்றால், ரோல்பேக் ஆகும்வரை, அதாவது செய்ததைத் திருப்பிப் பழைய நிலைக்குப் போகும்வரை, அந்த ட்ரான்சாக்ஷனில் (ஒன்றாகச் சேர்ந்து ஓடும் கட்டளைத் தொகுப்பு) வேறெதுவும் ஓடாது. ஒவ்வொரு வரிக்கும் உள்ளே இன்னொரு அடாமிக் பிளாக் வைத்து, அதற்கு வெளியே எக்செப்ட் எழுதுங்கள். உள் பிளாக் சேவ்பாயிண்டாக, அதாவது நடுவில் திரும்பிவரக்கூடிய இடமாக வேலை செய்யும். கெட்ட வரி மட்டும் பின்வாங்கும். வரி எண்ணையும் காரணத்தையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டே போய், கடைசியில் பட்டியல் காலியாக இல்லையென்றால் வெளி பிளாக்கில் எக்செப்ஷன் எழுப்புங்கள். எதுவும் உள்ளே போகாது, எல்லாப் பிழையும் ஒரே ஓட்டத்தில் கைக்கு வரும். லட்சக்கணக்கான வரிகளுக்கு இது மெதுவாகும். அப்போது தற்காலிக டேபிளில் கொட்டிச் சரிபார்த்த பிறகு உண்மை டேபிளுக்கு நகர்த்துவதே நல்லது.

மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனாலும் பயமில்லை. கமிட் ஆகாத ட்ரான்சாக்ஷனின் வரிகள் போஸ்ட்கிரஸ் மறுபடி எழும்போது கண்ணில் படாது. வேகத்துக்காக எஃப்சிங்கை (எழுதியதை டிஸ்கில் உறுதியாகச் சேர்க்கும் அமைப்பு) மட்டும் அணைத்துவிடாதீர்கள். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் இன்னும் கவனம் வேண்டும். அதன் டேபிள்கள் மைஐசாம், இன்னோடிபி என்ற வகைகளில் இருக்கலாம். மைஐசாம் டேபிளுக்கு ரோல்பேக்கே கிடையாது. இன்னோடிபியிலும் நடுவில் டேபிளின் அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிள் கட்டளை ஓடினால் அதற்கு முந்தையவை கமிட் ஆகிவிடும்.

ரோல்பேக் டேட்டாபேஸை மட்டும்தான் திருப்பும். பைத்தானில் கூட்டி வைத்த மொத்த எடை அப்படியே நிற்கும். டேட்டாபேஸ் தானாகக் கொடுக்கும் வரிசை எண்ணான சீக்வென்ஸ் எண்ணும் திரும்பாது. விடுபடாத ரசீது எண் வேண்டுமென்றால் அதை நம்பாதீர்கள். விவசாயிக்கு எஸ்எம்எஸ் போய்விட்டால் போனதுதான், அதனால் அனுப்புவதை, கமிட் ஆன பிறகே ஓடும் ஆன்-கமிட்டில் வையுங்கள்.

கமிட் ஆன பிறகு தவறு தெரிந்தால்? ஒவ்வொரு வரியிலும் இம்போர்ட் எண் இருந்தால் அந்தத் தொகுதியை மட்டும் நீக்கலாம். ஏற்கெனவே இருந்த வரியை இம்போர்ட் மாற்றியிருந்தால் நீக்குவது உதவாது. பழைய மதிப்பைத் தனி டேபிளில் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். பணம் பட்டுவாடா ஆகிவிட்டதென்றால் நீக்கவே கூடாது, தவறான தொகையைச் சரிக்கட்டும் எதிர்ப்பதிவு போடுவதே முறை.

பிழையே காட்டாமல் உள்ளே நுழைவதும் உண்டு. 'கோத்தகிரி'யில் உள்ள 'கோ'வின் ஓகாரக் குறி கணினியில் ஒரே குறியீடாகவும் இருக்கலாம், இரட்டைக்கொம்பும் துணைக்காலுமாக இரண்டு குறியீடாகவும் இருக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, டேட்டாபேஸுக்கு இரண்டும் வேறு ஊர். ஒரே விவசாயி இரண்டாகப் பதிவாகிவிடுவார். ஒப்பிடும் முன் பெயரையும் ஊரையும் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் வடிவம்) மாற்றுங்கள். பைத்தானின் யூனிகோட்டேட்டா மாட்யூலும், 13-ஆம் பதிப்பிலிருந்து போஸ்ட்கிரஸின் நார்மலைஸும் இதைச் செய்யும். பழைய பதிவுகளையும் அப்படி மாற்றி, இரட்டைப் பதிவுகளை ஒன்றாக்கிய பிறகே, ஒரே மதிப்பு இரண்டு முறை வராமல் தடுக்கும் யூனிக் கட்டுப்பாடு போடுங்கள்.