அட்டையில் இருந்த ஆறாயிரம்

எஞ்சினின் வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் தண்டுதான் கேம் ஷாஃப்ட். அதோடு ஒரு அட்டை வரும். அதில் 2,000 முதல் 6,000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வரை என்று போட்டிருந்தால், 6,000 வரை பயமில்லாமல் ஓட்டலாம் என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். எந்தச் சுற்றுவரை அந்தக் கேம் எஞ்சினுக்குக் காற்றை நன்றாக நிரப்பும் என்பதைத்தான் அது சொல்கிறது. அதுவரை வால்வு கேமின் பேச்சைக் கேட்குமா என்பது வேறு கணக்கு. அது எனக்குப் புரிய ஒரு வேகப்படகு வர வேண்டியிருந்தது.

502 கன அங்குல பிக் பிளாக் (பெரிய உடம்பு வி8 எஞ்சின்), அதாவது 8.2 லிட்டர், ஹைட்ராலிக் ரோலர் கேம். நாங்களே கட்டிக் கொடுத்த எஞ்சின். 5,400 வரை சீறிக்கொண்டு ஏறுகிறது, அதற்கு மேல் தடதடவென்று மூச்சு வாங்குகிறது என்று ஓட்டுபவர் சொன்னார். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்: த்ராட்டிலை இறக்கிய பிறகும் ஓரிரு நொடி தடுமாறி, அப்புறம்தான் சரியாகிறதாம். விஷயம் முழுக்க அந்த ஓரிரு நொடியில் இருந்தது. நானோ பிளக் மாற்றினேன், எரிபொருள் அழுத்தம் பார்த்தேன், இக்னிஷனைப் பிரித்து மேய்ந்தேன். இரண்டு நாள் போனது.

மூன்றாம் நாள் பட்டறையின் மூத்த மெக்கானிக் வந்து எட்டிப் பார்த்தார். "ஸ்பிரிங்கை அளந்தியா தம்பி?"

"போன வருஷம்தானே அண்ணே புதுசா போட்டோம்?"

"போட்டது போன வருஷம். ஓடினது எவ்வளவு?"

வால்வைத் திருப்பி மூடும் ஸ்பிரிங்குகளைத்தான் கேட்டார். புதிதில், வால்வு மூடியிருக்கும் நிலையில், 145 பவுண்டு காட்டியவை அவை. கழற்றி அளந்தால் பதினாறில் பதினொன்று 120-க்குக் கீழே. ஒன்று 108.

கேமின் அசைவை வால்வுப் பக்கம் கடத்துவது லிஃப்டர்; ரோலர் வகையில் அது கேமைத் தொடும் இடத்தில் ஒரு உருளை இருக்கும். ஹைட்ராலிக் லிஃப்டருக்குள் ஒரு சின்ன பிஸ்டன், அதன் அடியில் ஆயில், ஆயிலைப் பிடித்து வைக்க ஒரு செக் வால்வு. எங்கே இடைவெளி விழுந்தாலும் ஆயில் ஏறி அதை நிரப்பிவிடும். கையால் இடைவெளி (டாப்பட் கிளியரன்ஸ்) வைக்கும் வேலை மிச்சம், சத்தமும் இல்லை. ஆனால் ஸ்பிரிங் தளர்ந்து, அதிக சுற்றில் லிஃப்டரின் உருளை கேமை விட்டு எழும்பினால், அந்த நொடித்துளி இடைவெளியையும் அது விசுவாசமாக நிரப்பிவிடுகிறது. இப்போது லிஃப்டர் தேவைக்கு மேல் நீண்டு நிற்பதால் வால்வு முழுதாக மூடாது. கம்ப்ரெஷன் போகும், சக்தி போகும். துரதிர்ஷ்டம் கூடினால் பிஸ்டன் மேலே வந்து வால்வைத் தட்டும். சுற்று குறைந்த பின் ஏறிய ஆயில் கசிந்து இறங்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அந்தத் தடுமாற்றம் அதுதான்.

ரோலர் லிஃப்டர் எடையும் கூடியது, பிக் பிளாக்கின் வால்வுகளும் பெரியவை. அந்த எடையைத் திருப்பிக் கொண்டுவரத் தேவைப்படும் விசை சுற்றின் வர்க்கத்தில் ஏறும். 5,400-லிருந்து 6,000 என்பது சுற்றில் 11 சதவீதம்தான், விசையில் 23 சதவீதம்.

அப்படியென்றால் முரட்டு ஸ்பிரிங் போட்டால் என்ன? நானும் கேட்டேன். ஓரளவுக்குத்தான் போகலாம். அதற்கு மேல் அழுத்தினால் லிஃப்டருக்குள் இருக்கும் ஆயில் பிதுங்கி வெளியேறும், உருளையின் ஊசி பேரிங்கும் சீக்கிரம் தேயும். எடையைக் குறைப்பதும், லிஃப்டரிலிருந்து வால்வுப் பக்கம் தள்ளும் கம்பியான புஷ்ராடை வளையாத தடித்ததாகப் போடுவதும்தான் நல்ல வழி.

இதே எஞ்சின் காரில் இருந்தால் உச்ச சுற்றை ஒரு கணம் தொட்டுவிட்டு கியர் மாறி இறங்கிவிடும். படகு முடிவில்லாத மேட்டில் ஏறுவதுபோல சுமையோடே ஓடுகிறது. 5,000 சுற்றில் ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 2,500 தடவை திறக்கிறது, ஒரு மணி நேரத்தில் 1,50,000 தடவை. அலையில் படகு துள்ளும்போது புரொப்பல்லர் தண்ணீரை விட்டு வெளியே வந்தால் சுமை சட்டென்று காணாமல் போய், எஞ்சின் அலறிக்கொண்டு ஏறும். அந்த வேகத்துக்கு எந்தக் கையும் த்ராட்டிலை இறக்காது. கடல் பந்தயப் படகுகளில் த்ராட்டிலுக்கென்றே தனியாக ஒருவர் உட்காருவது சும்மா இல்லை.

ஆகவே இப்போது என் கணக்கு இது: சாதாரண ஹைட்ராலிக் லிஃப்டர் போட்ட பிக் பிளாக் என்றால், சுற்று எல்லை தாண்டாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டர் 5,500 பக்கத்தில். லேசான பாகங்கள், நல்ல ஸ்பிரிங், தடித்த புஷ்ராடு எல்லாம் இருந்தால் 6,000. ஸ்மால் பிளாக் எனும் சிறிய வகை வி8-இன் வால்வுகள் சிறியவை, கொஞ்சம் கூடவே தாங்கும். முழு த்ராட்டிலில், ஆள் குறைவாக இருக்கும்போதும், லிமிட்டருக்கு 200 சுற்றாவது கீழே நிற்கிற மாதிரி புரொப்பல்லரைத் தேர்ந்தெடுப்பேன். பிட்ச், அதாவது புரொப்பல்லர் ஒரு சுற்றுக்கு முன்னேற வேண்டிய தூரம், ஒரு அங்குலம் கூடினால் ஏறக்குறைய 150 முதல் 200 சுற்று குறையும்.

அந்தப் படகுக்குப் புது ஸ்பிரிங், ஒரு அங்குலம் கூடுதல் பிட்ச், 5,500-இல் லிமிட்டர். "அட்டையில் ஆறாயிரம்னு இருக்கே?" என்று ஓட்டுபவருக்கு மனக்குறைதான். அடுத்த சீசன் முடிந்ததும் ஸ்பிரிங்கை அளக்க வேண்டும் என்றேன். "நல்லாத்தானே ஓடுது" என்றார். இழுப்பறையிலிருந்து அந்த 108-ஐயும் புதியது ஒன்றையும் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார், கட்டைவிரலால் அழுத்தியும் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணுதானே?"

வாங்கி டெஸ்டரில் வைத்தேன்.