ஆகஸ்டில் தூக்கிய சரம்

ஜப்பானின் வடக்கே, அவோமோரி மாநிலத்து முட்சு விரிகுடாவில் ஸ்காலப் சிப்பி வளர்ப்பவர் ஒருவரின் படகில் ஒன்றரை வருடம் வேலை பார்த்தேன். அந்த ஊரில் அதற்கு ஹொத்தாத்தே என்று பெயர். வயலைப் பார்த்து வளர்ந்தவன் நான். வெயில் இருந்தால் எதுவும் நன்றாக வளரும் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஜூலைக் கடைசியில் நகம் அளவுக் குஞ்சுகளைக் கூம்பு வலைகளில் போட்டு, சரம் சரமாகக் கடலில் இறக்கினோம். ஆகஸ்ட் முழுக்க வலைப் பக்கமே போகக்கூடாது என்றார் பெரியவர். எனக்குக் கை அரித்தது. அவர் வராத ஒரு நாள் ஒரு சரத்தை மேலே இழுத்து, வெயிலில் வைத்து அளந்து பார்த்தேன். ஒன்றும் வளரவில்லை. சரி, திரும்ப இறக்கிவிட்டேன்.

இது குளிர்ந்த நீரின் உயிர். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினால் சோர்ந்துவிடும். 23-ஐ நெருங்கினால் வளர்ச்சி நின்ற மாதிரிதான். 26-க்கு மேல் சாகத் தொடங்கும். 2010 கோடையில் இந்த விரிகுடாவில் சிப்பிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அதனால்தான் கடலில் மிதவைகள் அனுப்பும் வெப்பநிலையைப் பார்த்து, கயிறுகளை இன்னும் ஆழத்துக்கு இறக்குவார்கள். அப்புறம் காத்திருப்பதுதான் வேலை.

இலையுதிர் காலத்தில் நீர் குளிர்ந்ததும் வலைகளைத் தூக்கி, நெருக்கத்தைக் குறைத்துப் பிரித்துப் போட்டோம். என் சரத்தில் பாதிக்கு மேல் வாய் பிளந்து கிடந்தன. பெரியவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மற்றவை அந்தக் குளிரில்தான் மளமளவென்று பெருத்தன. ஆனால் ஓடு பெருத்தால் சதையும் பெருத்தது என்று அர்த்தமில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இன்னொரு பருவம் ஆனது. பிப்ரவரியில் வளர்ந்த சிப்பி ஒன்றைத் திறந்தால் இனப்பெருக்க உறுப்பு உப்பியிருக்கும்: பெண்ணுக்கு இளஞ்சிவப்பு, ஆணுக்கு வெள்ளை. சேர்த்த சத்தெல்லாம் அதற்கே போய்விடுவதால், நாம் விரும்பித் தின்னும் வெள்ளைத் தசை மெலிந்திருக்கும். முட்டையிட்ட பிறகு, வசந்தத்தில் பெருகும் நுண்பாசியைத் தின்று, கோடைத் தொடக்கத்தில்தான் அது திரும்பக் கொழுக்கும்.

அந்த வசந்தத்தில், கயிற்றில் கட்டித் தொங்கவிடுவதற்காகச் சிப்பி ஓட்டின் ஓரத்தில் காது மடல் போல நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் துளை போட்டோம். என் சரத்தில் பிழைத்தவற்றை நான் தனியாக வைத்திருந்தேன். ஒவ்வொன்றின் ஓட்டிலும், ஆகஸ்டில் நான் தூக்கியபோது இருந்த அளவில், நகத்துக்குத் தட்டுப்படும் ஒரு கோடு இருந்தது.