லெ காரேயை எங்கிருந்து தொடங்குவது: ஒரு வாசிப்பு நாட்குறிப்பு

நவம்பர் 28, கோட்டூர்புரம்

பிரிட்டிஷ் உளவு நாவலாசிரியர் ஜான் லெ காரேயைப் படிக்க ஆசைப்பட்டு, நூறு பக்கம் தாண்டுவதற்குள் புத்தகத்தை மூடி வைத்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். அவர்கள் கையில் இருந்தது பெரும்பாலும் 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை'. பேர் பெற்றது அதுதான் என்பதால் அதையே முதலில் எடுத்துவிடுகிறார்கள். அது அவருடைய ஏழாவது நாவல், 1974-ல் வந்தது. அதற்கு 13 வருடம் முன்பே அவருடைய கதாநாயகனான ஸ்மைலி என்ற உளவு அதிகாரி பிறந்து, கல்யாணம் செய்து, மனைவி விட்டுப்போய், வேலையையும் உதறியாகிவிட்டது. பந்தி பாதியில் நுழைந்தவர் மாதிரி, யார் யாருக்கு என்ன உறவு என்று தெரியாமல் விழிக்க வேண்டியதுதான்.

நான் சொல்லும் வரிசை: 'கால் ஃபார் த டெட்' (1961), அடுத்து 'த ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் த கோல்ட்' (1963), மூன்றாவதாக 'டிங்கர்'. முதல் இரண்டும் சின்னப் புத்தகங்கள். இரண்டு வார இறுதிகள் போதும்.

நூலகத்தில் தேடுகிறவர்களுக்கு ஒன்று. சில இடங்களில் இவரை 'எல்' வரிசையில் அடுக்குகிறார்கள், சில இடங்களில் 'சி' வரிசையில். அண்ணா நூற்றாண்டு நூலகமோ அண்ணா சாலைப் புத்தகக் கடையோ, ஒரு வரிசையில் இல்லை என்றால் மற்றதையும் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

டிசம்பர் 2

'கால் ஃபார் த டெட்'டின் முதல் அத்தியாயம் ஜார்ஜ் ஸ்மைலியின் வாழ்க்கைச் சுருக்கம். கதை நகராது. குள்ளமாக, குண்டாக, தனக்குப் பொருந்தாத உடையில் ஒரு மனிதர், அவரை விட்டுப்போன ஆன் என்ற பிரபு வீட்டுப் பெண், அவ்வளவுதான். இதைத் தாவிவிடலாமா என்று தோன்றும். தாவாதீர்கள். அடுத்த பல நாவல்கள் இந்தச் சில பக்கங்களை நம்பித்தான் நிற்கின்றன. குறிப்பாக, ஆன் மீது ஸ்மைலிக்கு இருக்கும் விடாத பாசம். 'டிங்கர்' முழுக்க அது ஒரு பலவீனமாக, எதிரி குறிவைக்கும் இடமாக வேலை செய்கிறது.

கதையின் முடிச்சு ஒரு தொலைபேசி மணி. வெளியுறவு அலுவலகத்தில் வேலை பார்த்த ஃபெனன் தற்கொலை செய்துகொண்டதாகக் கடிதம் கிடைக்கிறது. அவர் வீட்டில் ஸ்மைலி விசாரித்துக்கொண்டிருக்கும்போது காலை 8.30-க்கு மணி அடிக்கிறது. பேசுவது தொலைபேசி நிலையம்: கேட்டபடி எழுப்புகிறோம் என்று. அந்தக் காலத்தில் நிலையத்தில் சொல்லி வைத்தால் காலையில் கூப்பிட்டு எழுப்புவார்கள். நம் ஊரிலும் அலாரம் கால் என்று இருந்தது. செல்பேசியில் வளர்ந்தவர்களுக்கு இந்த இடம் சட்டென்று பிடிபடாது, அதனால்தான் விளக்குகிறேன். இரவே சாக முடிவெடுத்தவர் காலையில் எழுப்பச் சொல்வாரா? நாவல் மொத்தமும் இந்த ஒரு கேள்வியின் மேல் நிற்கிறது.

முண்ட் என்ற பெயர் வரும்போது அடிக்கோடிடுங்கள்.

டிசம்பர் 6

'த ஸ்பை'யில் முண்ட் திரும்ப வருகிறான், இப்போது கிழக்கு ஜெர்மனி உளவுத்துறையில் பெரிய அதிகாரி. வரிசை மாறிப் படித்தால் இழப்பு முதல் நாவலுக்குத்தான். அதன் முடிவை இந்தப் புத்தகம் போகிற போக்கில் சொல்லிவிடுகிறது.

1961 ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழுந்தபோது லெ காரே மேற்கு ஜெர்மனியின் பான் நகரில் பிரிட்டிஷ் தூதரகத்தில் இருந்தார். தூதரக வேலை வெளித்தோற்றம், உள்ளே எம்.ஐ.6 என்ற பிரிட்டிஷ் வெளிநாட்டு உளவுத்துறை. இயற்பெயர் டேவிட் கார்ன்வெல். பணியில் இருக்கும்போதே எழுதியதால்தான் புனைபெயர்.

இந்த நாவலை மாத நாவல் வேகத்தில் படிப்பதுதான் பலரும் செய்யும் தப்பு. சுவரருகே ஒரு சாவோடு பரபரப்பாகத் தொடங்குகிறது. பிறகு லீமாஸ் என்ற உளவாளி லண்டனில் குடித்துச் சீரழிவதும், ஒரு சின்ன நூலகத்தில் வேலைக்குச் சேர்வதும், மளிகைக்காரரை அடித்துச் சிறைக்குப் போவதும் நீளமாக வரும். கதை படுத்துவிட்டது என்று நினைத்துப் பக்கங்களைத் தள்ளிவிடுவார்கள். அங்கே நடப்பது எல்லாம் தூண்டிலில் புழு கோர்க்கும் வேலை. எதிரி நம்ப வேண்டுமானால் வீழ்ச்சி உண்மையாகவே நடந்திருக்க வேண்டும்.

படிக்கும்போது இரண்டு விஷயங்களைக் குறித்து வையுங்கள். லீமாஸ் எந்தெந்த ஊர் வங்கிக்குப் போய் எந்தப் பெயரில் பணம் கட்டினார் என்பது ஒன்று. ஸ்மைலியின் பெயர் எங்கெல்லாம் அடிபடுகிறது என்பது மற்றொன்று. அவர் ஒரு சில இடங்களில்தான் வருவார், ஆனால் ஒவ்வொன்றும் கணக்கில் சேரும். விசாரணைக் காட்சி வரும்போது இந்தக் குறிப்பு கையில் இருந்தால், மாட்டிக்கொண்டது யார் என்பதை லீமாஸுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நீங்கள் ஊகிக்கலாம்.

கடைசிப் பக்கத்தைப் படித்த கையோடு வேறு புத்தகம் எடுக்க வேண்டாம். இரண்டு நாள் விடுங்கள்.

டிசம்பர் 12

2020-ல் இதே நாளில், 89 வயதில் லெ காரே காலமானார்.

நான் சொன்ன வரிசையில் சேராத, நடுவில் வந்த நாவல்களைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். 'எ மர்டர் ஆஃப் குவாலிட்டி' (1962) பள்ளிக்கூடத்தில் நடக்கும் கொலைக் கதை. ஸ்மைலி இருக்கிறார், உளவு இல்லை. விட்டாலும் ஒன்றும் குறையாது. 'த லுக்கிங் கிளாஸ் வார்' (1965) அப்படி இல்லை. போர்க்காலப் பெருமையில் வாழும் ஒரு சின்னத் துறை, பழைய ரேடியோவோடு ஒருவரை எல்லை தாண்டி அனுப்புகிறது. அவர் மோர்ஸ் குறியில் செய்தியை மெதுவாகத் தட்டுகிறார், அலைவரிசையை மாற்றாமல் நீண்ட நேரம் ஒரே இடத்தில் நிற்கிறார். சிக்னல் வரும் திசை பார்த்து எதிரி நெருங்க அதுவே போதும். இவ்வளவு சோர்வான முடிவுக்குத் தயார் என்றால் படியுங்கள். எனக்கு மிகவும் மதிப்பான புத்தகம், ஆனால் தொடக்கத்துக்கு ஏற்றதல்ல.

டிசம்பர் 17

இனி 'டிங்கர்'. தடுக்கி விழும் இடங்கள் மூன்று.

முதலாவது, சொற்கள். 'சர்க்கஸ்' என்றதும் நமக்குக் கூடாரமும் யானையும் ஞாபகம் வரும். லண்டனில் அது சாலைகள் கூடும் வட்டம், நம் ஊர் ரவுண்டானா. கேம்பிரிட்ஜ் சர்க்கஸ் என்ற ரவுண்டானாவில் அலுவலகம் இருப்பதால் உளவுத்துறைக்கே அந்தப் பெயர். 'ஸ்கால்ப் ஹன்டர்ஸ்' என்றால் ஆள்கடத்தல், மிரட்டல் போன்ற முரட்டு வேலைகளுக்கான பிரிவு. 'லாம்ப்லைட்டர்ஸ்' பின்தொடர்வது, வண்டி, மறைவிடம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்பவர்கள். 'கசின்ஸ்' அமெரிக்கர்கள். 'சாரட்' பயிற்சிக்கூடம். 'மோல்' பல வருடம் உள்ளே இருந்தே காட்டிக்கொடுப்பவன். இந்த ஆறும் தெரிந்தால் மற்றவை படிக்கப் படிக்கப் பிடிபட்டுவிடும்.

இரண்டாவது, காலம். கதை முன்னும் பின்னும் தாவும், தேதி சொல்லாது. அரைத்தாளை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். கோட்டின் பெயர் 'டெஸ்டிஃபை', செக்கோஸ்லோவாக்கியாவில் கெட்டுப்போன ஒரு நடவடிக்கை. இடப்பக்கம் அதற்கு முன்: கன்ட்ரோல் என்ற கிழவர் தலைவர், ஸ்மைலி அவருக்கு அடுத்து. வலப்பக்கம் அதற்குப் பின்: அலலைன் தலைவர், ஸ்மைலி வீட்டில். யாராவது பழைய கதை சொல்லத் தொடங்கினால், இது எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

மூன்றாவது, தொடக்கம். முதல் அத்தியாயம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம், முதுகில் அடிபட்ட புது வாத்தியார், அவரையே கவனிக்கும் ஒரு தனிமையான பையன். இரண்டாவதில் லண்டன் மழையில் ஸ்மைலி. இரண்டுக்கும் தொடர்பே தெரியாது. ரிக்கி டார் என்ற உளவாளி தன் ஹாங்காங் கதையைச் சொல்லும் வரை பொறுத்திருங்கள். அதுவரை ஒரே அமர்வில் படித்துவிடுவது நல்லது, நாலு நாள் இடைவெளி விட்டால் திரும்ப முதலிலிருந்துதான்.

டிசம்பர் 18

'மோல்' யாராக இருக்கலாம் என்று கன்ட்ரோல் சந்தேகிக்கும் ஐந்து பேருக்கு அவர் வைத்த மறைபெயர்கள்: அலலைன் டிங்கர், ஹேடன் டெய்லர், பிளாண்ட் சோல்ஜர், எஸ்டர்ஹேஸ் புவர்மேன், ஸ்மைலி பெக்கர்மேன். இந்தப் பெயர்கள் வரும் ஆங்கிலக் குழந்தைப் பாட்டில் 'செய்லர்' உண்டு. 'டெய்லர்' போலவே காதில் விழும் என்று கன்ட்ரோல் அதை ஒதுக்கிவிட்டார். நம்மில் பலருக்கு அந்தப் பாட்டு தெரியாது, அதனால் தலைப்பே புதிராக நிற்கிறது.

இந்த நாவலில் துப்பறிவது என்றால் கோப்பு படிப்பது. பாடிங்டன் பக்கம் ஒரு மலிவான விடுதி அறையில் உட்கார்ந்து, திருட்டுத்தனமாக வந்த கோப்புகளை ஸ்மைலி புரட்டுகிறார். யார் எந்தத் தேதியில் எதில் கையெழுத்துப் போட்டார், எந்தப் பதிவு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, யாருக்கு நகல் போகவில்லை. தலைமைச் செயலகத்திலோ வங்கித் தணிக்கையிலோ வேலை பார்த்தவர்கள் இந்தப் பக்கங்களை மற்றவர்களைவிட ருசித்துப் படிப்பார்கள். பதவி உயர்வுக்காக ஒருவருக்கொருவர் பள்ளம் தோண்டுவதும் அப்படியே நமக்குத் தெரிந்த அலுவலகம்தான்.

இன்னொரு இடம். 1950-களின் நடுவில் டெல்லிச் சிறையில், ஸ்மைலி ஒரு ரஷ்யக் கைதியின் எதிரில் உட்கார்ந்து, மேற்கு நாடுகள் பக்கம் மாறச் சொல்லி மன்றாடுகிறார். வெயில், உடம்பு முடியவில்லை. கைதி ஒரு வார்த்தை பேசுவதில்லை. போகும்போது ஆன் பரிசளித்த சிகரெட் லைட்டரை எடுத்துக்கொண்டு போகிறான். அவன்தான் கார்லா, பின்னாளில் ஸ்மைலியின் பரம எதிரியாகும் சோவியத் உளவுத் தலைவன். அமைதியாக இருந்தவன் எல்லாம் தெரிந்துகொண்டான், கேள்வி கேட்டவர் தன்னையே கொட்டிவிட்டார். லெ காரேயின் மிகச் சிறந்த பக்கங்கள் இவை என்பேன். லைட்டரை மறக்காதீர்கள், 'டிங்கர்' தொடங்கிவைக்கும் கார்லா வரிசையின் மூன்றாம் பாகமான 'ஸ்மைலீஸ் பீப்பிள்' கடைசிப் பக்கம் வரை அதற்கு வேலை இருக்கிறது.

டிசம்பர் 29

'தி ஆனரபிள் ஸ்கூல்பாய்' (1977) கார்லா வரிசையில் இரண்டாவது. ஹாங்காங், லாவோஸ், கம்போடியா என்று விரியும், மிக நீளம். பிபிசி 1979-ல் 'டிங்கர்', 1982-ல் 'ஸ்மைலீஸ் பீப்பிள்' இரண்டையும் அலெக் கின்னஸை வைத்துத் தொடராக எடுத்தது, இதைத் தாண்டிப் போய்விட்டது. நீங்களும் தாண்டலாம். 'ஸ்மைலீஸ் பீப்பிள்' (1979) புரிய 'டிங்கர்' தெரிந்தால் போதும். பிறகு ஆற அமர இதற்குத் திரும்புங்கள்.

2011 திரைப்படத்தைப் புத்தகத்துக்கு முன் பார்க்காதீர்கள். துரோகி யார் என்று தெரிந்துவிடும். அதோடு செக்கோஸ்லோவாக்கியா புடாபெஸ்ட் ஆகியிருக்கும், ஹாங்காங் இஸ்தான்புல் ஆகியிருக்கும், உங்கள் அரைத்தாள் குழம்பும்.

ஜனவரி 10, நந்தனம்

புத்தகக் காட்சிக்குப் போகிறவர்களுக்காக.

'எ லெகசி ஆஃப் ஸ்பைஸ்' (2017) பளிச்சென்று முன்னால் இருக்கும், வாங்குங்கள், ஆனால் வீட்டில் வைத்திருங்கள். 'த ஸ்பை'யின் ரகசியம் முழுவதையும் அது மறுபடி பிரித்துப் பார்க்கிறது. 'த சீக்ரெட் பில்கிரிம்' (1990) தனித்தனிக் கதைகள் போல இருப்பதால் எளிதென்று சிலர் முதலில் எடுக்கிறார்கள். அது 'டிங்கர்' துரோகியின் பெயரை மறைக்காமல் சொல்லும். மகன் நிக் ஹார்க்கவே எழுதிய 'கார்லாஸ் சாய்ஸ்' (2024) கதைப்படி 1963-ல் நடந்தாலும், 'டிங்கர்' படித்த பிறகே.

திருவல்லிக்கேணி நடைபாதையில் பழைய பிரதி எடுத்தால் முதலில் கடைசித் தாள்களை எண்ணுங்கள். 'த ஸ்பை'யில் கடைசி இரண்டு பக்கம் இல்லையென்றால் புத்தகமே இல்லை. புதிய பதிப்பென்றால் முன்னுரையை இறுதியில் படியுங்கள். ஆசிரியரே எழுதியதென்றாலும் சரி.

ஸ்மைலி வேண்டாம், பனிப்போர் வேண்டாம் என்பவர்களுக்கு 'த கான்ஸ்டன்ட் கார்டனர்' (2001). கென்யாவில் காசநோய் மருந்துச் சோதனை, அதை மூடி மறைக்கும் நிறுவனம். தனியாக நிற்கும் நாவல், முன்னறிவு எதுவும் தேவையில்லை. 'த நைட் மேனேஜர்' (1993) இந்தித் தொடராக 2023-ல் வந்ததால் பலருக்குப் பெயர் தெரியும். ஆயுத வியாபாரியின் கதை, வேகமானது. 'எ பெர்ஃபெக்ட் ஸ்பை' (1986) மட்டும் நாலைந்து முடித்த பிறகு. மோசடிக்காரரான தன் அப்பாவை ரிக் பிம் என்ற பெயரில் அதில் எழுதியிருக்கிறார். உளவு கொஞ்சம், அப்பா நிறைய. முதல் நூறு பக்கம் கடினம், அங்கேயும் ஒரு அரைத்தாள் தேவைப்படும்: இந்த முறை இடப்பக்கம் அப்பா, வலப்பக்கம் மகன்.