'ஆல்தோ' போட்டாச்சா, 'பட்' வேண்டாம்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து ஓசூர் கம்பெனிகளுக்கு இன்டர்வியூ போகும் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வார்த்தைகள் போதுமான அளவு தெரியும். ஒரு வாக்கியத்தை அடுத்ததோடு சேர்க்கும் இடத்தில்தான் வழுக்குகிறது.

"ஆல்தோ தி பஸ் வாஸ் லேட், பட் ஐ ரீச்ட் ஆன் டைம்." இது நிறையப் பேர் செய்யும் தவறு. "பஸ் லேட்டா வந்தாலும் நேரத்துக்குப் போயிட்டேன்" என்கிறோமே, அதில் 'ஆலும்' உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். இரண்டு பாதியும் சேரும் மூட்டிலேயே இருக்கிறது. இங்கிலீஷில் அந்த வேலையைச் செய்யும் 'ஆல்தோ' வாக்கியத்தின் தலையில் போய் நிற்கிறது. மூட்டில் வெறும் கமா மட்டும். அந்த இடம் காலியாகத் தெரிவதால் நாக்கு தானாக ஒரு 'பட்' போட்டுவிடுகிறது. 'பிகாஸ்' என்று ஆரம்பித்து நடுவில் 'ஸோ' போடுவதும் இதே கதைதான். இரண்டில் ஒன்றை எடுத்துவிடுங்கள், எதை எடுத்தாலும் சரி. 'ஆல்தோ'வுக்குப் பிறகு 'ஸ்டில்' வரலாம், அது இணைப்புச் சொல் இல்லை.

'ஹவெவர்' பொருளில் 'பட்' மாதிரி இருந்தாலும் இரண்டு வாக்கியங்களை ஒட்டும் பசை அதற்குக் கிடையாது. எழுதும்போது முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ, பின்னால் கமா: "தி மேங்கோ க்ராப் வாஸ் குட். ஹவெவர், ப்ரைசஸ் ஃபெல்." முன்னால் வெறும் கமா போட்டால் தப்பு.

'மாறாக' என்ற ஒரே சொல்லை மனசில் வைத்துக்கொண்டு 'ஆன் தி கான்ட்ரரி', 'ஆன் தி அதர் ஹேண்ட்' இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். ஒரு கருத்தை மறுத்து, உண்மை அதற்கு நேரெதிர் என்று சொல்லும்போதுதான் 'ஆன் தி கான்ட்ரரி': "கிருஷ்ணகிரி இஸ் நாட் அன் ஓல்ட் டிஸ்ட்ரிக்ட். ஆன் தி கான்ட்ரரி, இட் வாஸ் ஃபார்ம்ட் இன் 2004." இரண்டு பக்கமும் உண்மையாக இருந்து, மறுபக்கத்தையும் காட்டுவதென்றால் 'ஆன் தி அதர் ஹேண்ட்'. ஓசூரில் சம்பளம் அதிகம், ஆனால் வாடகையும் அதிகம் என்பது இந்த வகை.

'அட் லாஸ்ட்' என்றால் நம்ம 'ஒருவழியா'. ரொம்ப நேரம் காத்திருந்து பஸ் வந்தால் சொல்வது. பிரசன்டேஷனில் கடைசி பாயின்ட்டுக்கு அதைச் சொல்லாதீர்கள்; 'லாஸ்ட்லி' அல்லது 'ஃபைனலி' போதும்.

"ஐ ஆம் ஃப்ரம் பென்னாகரம் ஒன்லி" என்பது 'பென்னாகரம்தான்' என்பதன் நேர் நகல். பொதுவான இங்கிலீஷில் 'ஒன்லி' என்றால் 'மட்டும்'. நம் 'தான்' தரும் அழுத்தத்தை அங்கே குரலிலேயே கொடுக்கலாம். இல்லாவிட்டால் வாக்கியத்தை மாற்றி "இட் வாஸ் தி சூப்பர்வைசர் ஹூ டோல்ட் மீ" என்று சொல்லலாம். சூப்பர்வைசர்தான் சொன்னார் என்பது முழுசாக வந்துவிடும்.

இன்டர்வியூவில் "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்றதும் "ஆக்சுவலி, மை நேம் இஸ்..." என்று தொடங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. எதிரில் இருப்பவர் ஒன்றை நினைத்திருக்க, உண்மை வேறு என்று திருத்தும்போது வரும் சொல் அது. உங்கள் பெயரில் திருத்த என்ன இருக்கிறது? யோசிக்க ஒரு நொடி வேண்டுமென்றால் 'வெல்' என்று சொல்லி மூச்சு விட்டுக்கொள்ளுங்கள், பிறகு பேசுங்கள்.